தாழ்வாரத்தில் ஒரு பிரிண்டர்

"விவசாயி வீட்டுக்கு பிரிண்டர் எதுக்கு?"ன்னு பட்டணத்து நண்பர்கள் கேட்பாங்க. சம்பா நேரத்துல எங்க ஊருக்கு ஒரு தடவை வந்து பாருங்க. பயிர் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம். கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடனுக்கு இன்னொரு செட். அறுவடை முடிஞ்சு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனா மறுபடியும் அதே சிட்டா, அதே அடங்கல். திங்கக்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸுக்கு மனு எடுத்துட்டுப் போனா அதுக்கும் நகல். நெல்லு விளையுறதுக்கு முன்னாடி காகிதம் விளையணும்.

2011 டிசம்பர் 30-ல தானே புயலையும், 2015-ல பெருவெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. காப்பீடு கட்டாம இங்க யாருக்கும் தூக்கம் வராது. சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அதாவது நல்ல அடைமழைக் காலம். அந்த மழையில சிதம்பரம் போய் ஜெராக்ஸ் கடையில வரிசையில நின்னு, நம்ம முறை வர்றப்ப கரண்டு போனா எப்படி இருக்கும்? அதனாலதான் அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு 2017-ல ஒரு பிரிண்டர் வாங்கினோம்.

எங்க வீடு ஒரே கூரை, ரெண்டு அடுப்படி. நடுவுல முற்றம், சுத்தி தாழ்வாரம். பாகம் பிரிஞ்சாலும் கிணறும் மோட்டாரும் பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சுத் தண்ணி பாய்ச்சுறோம். பிரிண்டரையும் அப்படித்தான் நினைச்சோம்.

ஜெராக்ஸ்னா நமக்கு நகல் எடுக்கிறது. உண்மையில அது ஒரு அமெரிக்க கம்பெனியோட பேரு. அந்தக் கம்பெனியோட பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்துலதான் லேசர் பிரிண்டரை கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கினாரு. அங்கேயே 1973-ல பாப் மெட்காஃப் ஈதர்நெட்டுக்குத் திட்டம் எழுதினாரு. அந்த மையத்துல இருந்த ஆல்ட்டோ கம்ப்யூட்டர்களை ஒண்ணோட ஒண்ணும், அந்த லேசர் பிரிண்டரோடவும் சேர்க்கிறதுக்குத்தான் அது. இன்னிக்கு உங்க ஆபீஸ்ல ஓடுற நெட்வொர்க் ஒயர் எல்லாம் அந்த வழி வந்ததுதான். ஒரு பிரிண்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கிறது அந்தக் காலத்துலேயே பெரிய வேலையா இருந்திருக்கு.

எங்க வீட்டுல முதல்ல பிரிண்டர் என் அறையில, என் கம்ப்யூட்டர்ல யூ.எஸ்.பி. ஒயர்ல மாட்டியிருந்தது. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல 'ஷேரிங்'னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஒரு டிக் போடணும். ரெண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டர்ல இருக்கணும். அந்த நெட்வொர்க்கை 'பிரைவேட்'னு வைக்கணும். 'பப்ளிக்'னு இருந்தா ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணு கண்ணுல படாம ஒளிஞ்சுக்கும். ஊர்ப்பொது வைஃபைக்கு அது நல்லது, வீட்டுக்கு ஆகாது. அவ்வளவுதான். அண்ணன் பொண்ணு அந்தப் பக்கத்துல இருந்து அனுப்பினா என் பக்கத்துல காகிதம் வரும்.

ஆனா இதுல ஒரு சிக்கல். என் கம்ப்யூட்டர் ஓடினாத்தான் அவங்களுக்கு பிரிண்டர். நான் வயலுக்குப் போயிட்டா, அது தூங்கிட்டா, அங்க ஒண்ணும் வராது. பாப்பா அஞ்சு தடவை அழுத்துவா. அஞ்சும் வரிசையில காத்துக்கிட்டு நின்னு, நான் வந்து திறந்ததும் அஞ்சு செட்டா வந்து விழும். உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். நீங்க சென்னையில குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு எங்க வீராணம் ஏரித் தண்ணி. அந்த ஏரியை நம்பி இருக்கிற எங்களுக்குத் தலைமடைன்னா என்ன, கடைமடைன்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. மதகு யார் கையிலயோ, பயிர் அவர் தயவுல. பிரிண்டர் விஷயத்துல நான் தலைமடை, அண்ணன் கடைமடை.

பாதிக் காசு போட்டவர், ஒவ்வொரு தடவையும் பொண்ணை அனுப்பி "சித்தப்பா, கொஞ்சம் கம்ப்யூட்டரைப் போடுறீங்களா"ன்னு கேக்க வேண்டியிருந்தது. அண்ணன் வாய் திறந்து எதுவும் சொல்லல. ஆனா வர வர அவர் அதிகம் கேக்கல. ஜெராக்ஸ் கடைக்கே போக ஆரம்பிச்சுட்டாரு.

ஒரு ஐப்பசி மாசம், மழை விடாமப் பெய்யுது. வெளிய போக முடியாத நாள். மெஷின் தானா சத்தம் போட்டுது. மூணு பக்கம் வந்துது. எடுத்து அடுக்குறப்ப மேல இருந்த வரி கண்ணுல பட்டுது. கிரய ஒப்பந்தம். வரைவு. எங்க அப்பா வாங்கின நிலத்துல அண்ணன் பாகத்துக்கு வந்த, வாய்க்காலை ஒட்டின 60 சென்ட். சர்வே நம்பரைப் படிக்கவே தேவையில்ல, நாலு எல்லை போட்டிருந்ததுல மேற்கே என் பேர் இருந்துது.

காகிதத்தைத் திருப்பி வச்சேன். பாப்பா வந்து எடுத்துக்கிட்டுப் போனா. சாயங்காலம் அண்ணனே வந்து கட்டில்ல உக்காந்தாரு.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"உன்கிட்ட சொல்லாம இல்லடா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அண்ணிக்குக் கடலூர்ல ஆபரேஷன்னு நாள் குறிச்சிருந்தாங்க. எனக்கு ஆபரேஷன் தெரியும், செலவு தெரியாது. அன்னிக்கு ராத்திரி பேசினோம். பாகம் பிரிஞ்ச பிறகு அவ்வளவு நேரம் நாங்க பேசினது அதுதான் முதல் தடவை. கடைசியில அந்த 60 சென்ட்டை மூணு வருஷக் குத்தகைக்கு நான் எடுத்துக்கிறதுன்னும், குத்தகைப் பணத்தை முன்னாடியே கொடுக்கிறதுன்னும் முடிவாச்சு. பத்தாததுக்கு என் வீட்டுக்காரம்மா வளையல் ரெண்டு கூட்டுறவு சங்கத்துக்குப் போச்சு. நிலம் விக்கல. அண்ணி இப்ப நல்லா இருக்காங்க.

"பிரிண்டர் இல்லேன்னா இது தெரிஞ்சிருக்காதே"ன்னு ஊர்ல ஒருத்தர் சொன்னாரு. எனக்கு அப்படித் தோணல. சொல்லணும்னு அண்ணன் நினைக்கிற நாள்ல சொல்லியிருப்பாரு. அவர் வீட்டுக் காகிதம் என் அறையில வந்து விழுந்ததுதான் எனக்கு உறுத்துச்சு.

அடுத்த வாரமே மெஷினைத் தூக்கித் தாழ்வாரத்துல வச்சோம். இப்ப அது யார் கம்ப்யூட்டர்லயும் மாட்டல. மெஷின்லயே வைஃபை இருக்கு, நேரா ரவுட்டரோட பேசும். ஒரு வேலை மட்டும் செய்யணும். ரவுட்டர் அப்பப்ப ஒவ்வொரு கருவிக்கும் எண்ணை மாத்திக் கொடுக்கும், அப்ப கம்ப்யூட்டர் பழைய எண்ல பிரிண்டரைத் தேடிக்கிட்டு நிக்கும். ரவுட்டர் செட்டிங்ல போய், இந்த எண் பிரிண்டருக்கு மட்டும்னு ஒதுக்கி வைக்கலாம். பட்டா மாதிரி.

காகிதத்தை அடுத்தவங்க பாக்காம இருக்க, பெரிய ஆபீஸ் மெஷின்கள்ல ரகசிய எண் அடிச்சாத்தான் பக்கம் வரும். எங்க மெஷின்ல அது கிடையாது. அதனால எங்க வழக்கம், மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டு போன்லேருந்து அனுப்புறது. வந்ததும் கையோட எடுத்துக்கலாம்.

நீங்களும் கிராமத்து வீட்டுக்கு வாங்கப் போறீங்கன்னா இன்னும் சில விஷயம். லேசர் பிரிண்டர் தூளை உருக்கி ஒட்ட வைக்கும், அந்தச் சூட்டுக்கு நிறைய கரண்டு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. இங்க் டேங்க் மெஷின் கொஞ்ச கரண்டுல ஓடிடும். ஆனா சும்மா வச்சிருந்தா மை காஞ்சு அடைச்சுக்கும், வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்துடணும். மழைக்காலத்துல காகிதம் ஈரம் குடிச்சு உள்ள சிக்கும். நாங்க காகிதக் கட்டை விதை நெல்லு வைக்கிற மூடி போட்ட டிரம்லதான் வைக்கிறோம். இடி இடிச்சா ரவுட்டரையும் பிரிண்டரையும் பிளக்குலேருந்து பிடுங்கிடுங்க.

அண்ணி மெஷின் மேல தூசி படாம ஒரு பழைய துண்டு போட்டு மூடி வச்சிருக்காங்க. மை வாங்குறது ஒரு தடவை அவங்க, ஒரு தடவை நாங்க. கறுப்பு மை அடிமட்டத்துக்கு வந்துட்டுது, இந்தத் தடவை எங்க முறை. நாளைக்குச் சிதம்பரம் போறப்ப வாங்கணும்.