பரணிலிருந்து இறங்கிய ஸ்பீக்கர்கள்

வெண்கலப் பானைக்கு ஈயம் பூசி மறுபடி உலையேற்றுகிறோம். அம்மாவின் பட்டுப் புடவையை வெட்டிக் குழந்தைக்குப் பாவாடை தைத்துப் போட்டு அழகு பார்க்கிறோம். ஆனால் ஒயரும் பிளக்கும் உள்ள சாமான் என்றால் மட்டும், ‘அது ஆம்பிளைங்க சமாசாரம்’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம். எங்கள் வேம்பாரில் அப்படி ஒதுங்கினால் கதை நடக்காது, சகோதரிகளே! ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் கப்பலுக்குப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாவது ரகம். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் போனில்தான் குடித்தனம்.

2008-ல் லீவில் வந்தபோது அவர் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வந்தார். டி.வி.டி. போடும் பெட்டி ஒன்று, சின்ன ஸ்பீக்கர் ஐந்து, ‘தொம் தொம்’ என்று அதிர்கிற பெரிய ஸ்பீக்கர் ஒன்று. சில வருஷத்தில் பெட்டி கண்ணை மூடிவிட்டது. ஸ்பீக்கர்கள் பரணுக்குப் போயின. பழைய இரும்புக்காரர், உள்ளே காந்தம் இருக்கிறது என்று எடை போடத் தயாராக நின்றார். ஏனோ கொடுக்க மனசு வரவில்லை.

போன வருஷம் புது டி.வி. வந்தது. அப்பளம் மாதிரி மெல்லிசு. படம் கண்ணாடி போல இருக்கிறது. பேச்சுதான் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி! முன்னாளில் டயனோரா, சாலிடேர் டி.வி.களுக்கு மரப்பெட்டி இருந்தது. ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இன்றைய மெல்லிசுப் பெட்டியில் பெரிய ஸ்பீக்கருக்கு இடமேது? சின்னதாக ஒன்றிரண்டை அடியிலோ முதுகிலோ ஒளித்து வைக்கிறார்கள். சத்தம் தரைக்கும் சுவருக்கும் போய் மோதிவிட்டு, மிச்சம் நமக்கு வருகிறது.

எனக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய குறையில்லை. என் மாமனாருக்கு எண்பது வயது. இளவயதில் சங்கு குளித்தவர், மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவர். 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பைப் பையனாக இருந்தபோது பார்த்ததை இன்றும் சொல்வார். ஆழத்தில் தண்ணீர் அழுத்திய அழுத்தத்தில் செவிப்பறை கெட்டது பாதி, வயது மீதி. புது டி.வி. வந்த பிறகு அவருக்கு எதுவும் விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டச் சொல்வார். கூட்டினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். கொஞ்ச நாளில் அவரே திண்ணைக்குப் போய்விட்டார். இராத்திரி எல்லோரும் உள்ளே சிரிக்க, ஒரு பெரிய மனுஷர் தெருவைப் பார்த்துத் தனியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூத்துக்குடியில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் சொன்னது என் கண்ணைத் திறந்தது. வயதானவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகள். உயிரெழுத்துகளின் முழக்கம் கேட்கும். ச, த, ட போன்ற மெய்களின் நுணுக்கம் கேட்காது. ‘பத்து’ என்றாலும் ‘பட்டு’ என்றாலும் ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டினால் முழக்கம்தான் கூடும், தெளிவு கூடாது. காது மெஷின் எழுதிக் கொடுத்தார். மாமா அதைப் போட்டாலும், டி.வி.யின் மங்கல் ஒலி மெஷினுக்குள்ளும் மங்கலாகத்தானே போகும்? பிள்ளைகளைப் பற்றியும் எச்சரித்தார். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் எல்லையாம்.

கடையில் ‘சவுண்ட் பார்’ வாங்குங்கள் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு, விளாத்திகுளத்தில் எங்களுக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்தேன். “அக்கா, செத்தது பெட்டிதான். ஸ்பீக்கர்ல இருக்கிறது ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு காகிதக் கூம்பு. அதுக்கு அவ்வளவு சீக்கிரம் சாவு வராது” என்றார் அந்தத் தம்பி.

பரணிலிருந்து இறக்கினோம். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருந்தது நல்ல காலம். பஞ்சு மாதிரி நுரை விளிம்பாக இருந்தால் நாளாக ஆகப் பொடிந்துவிடுமாம். ஒயர்தான் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பழைய கம்பெனி பிளக் புதுப் பெட்டியில் நுழையாது. ஆகவே அதை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் வரை ஒயரைச் சீவினோம். பிறகு ஒரு வேடிக்கை: சுவர்க் கடிகாரத்து 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனைகளில் ஒரு நொடி தொட்டால் ‘டக்’ என்கிறது, உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கூம்பு முன்னால் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் பக்கம் தொட்ட ஒயரே பிளஸ். இதை நீங்களே செய்யலாம், பயமே வேண்டாம். ஆனால் ஒயர் வேறெதிலும் இணைந்திருக்கக் கூடாது.

ஸ்பீக்கரின் முதுகில் ‘4 ஓம்’ என்று அச்சிட்டிருந்தது. இந்த எண்ணை மட்டும் பார்க்காமல் எதையும் வாங்கிவிடாதீர்கள். எண் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையர் அதிக மின்சாரம் தள்ள வேண்டும். தாங்காத பெட்டி சூடேறி நின்றுவிடும் அல்லது கருகும். நான் விசாரித்த கம்பெனி ரிசீவரில் 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்தது. பெரிய ஸ்பீக்கரில் இன்னொரு வம்பு. ரிசீவரில் சப்-ஊஃபருக்கென்று உள்ள துளை சமிக்ஞை மட்டும்தான் தரும். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள சப்-ஊஃபருக்குத்தான் அது உதவும். எங்களுடையது வெறும் மரப்பெட்டி.

அதனால் அந்தத் தம்பியையே 4 ஓம் தாங்குகிற மாதிரி ஆறு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரு பெட்டி அசெம்பிள் பண்ணச் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர், ஆம்ப்ளிஃபையர் போர்டுகள், டி.வி.யிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலியைப் பிரிக்கிற டிகோடர் போர்டு, எல்லாம் சேர்ந்து ரிசீவர் விலையில் கால் பங்குதான். டி.வி.க்கும் பெட்டிக்கும் நடுவே ‘ஆப்டிகல்’ என்கிற ஒளி ஒயர். டி.வி. மெனுவில் டிஜிட்டல் ஒலியை ‘பி.சி.எம்.’ என்று வைத்திருந்தால் அந்த ஒயரில் இரண்டு ஒலிதான் வரும். ‘டால்பி’ என்று மாற்றிய பிறகுதான் மற்ற ஸ்பீக்கர்கள் வாய் திறந்தன.

இதில் எனக்குத் தேவைப்பட்டது நடு ஸ்பீக்கர் ஒன்றுதான் என்று சொல்லலாம். சினிமாவில் வசனத்தைப் பெரும்பாலும் அதற்குத்தான் அனுப்புகிறார்கள். இசையும் இடிமுழக்கமும் மற்றவற்றில். ஆகவே நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு படி கூட்டி, ‘தொம் தொம்’மைக் குறைத்து, டி.வி.க்கு நேர் கீழே, மாமாவின் காதைப் பார்த்து நிமிர்த்தி வைத்தோம். செய்தியும் சீரியலும் இரண்டு ஒலியாக வந்தாலும், டிகோடர் பேச்சைப் பிரித்து நடுவுக்குத் தருகிறது. 1964-ல் வந்த ‘படகோட்டி’ மாதிரிப் பழைய படங்களில் ஒலி ஒற்றைத் தடம்தான். அது முழுக்க நடுவிலேயே வருகிறது.

முதலில் போட்டதும் ‘படகோட்டி’தான். மாமா மெஷினை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வாத்தியார் பேசுறது வெளங்குதும்மா” என்றார். பிறகு படம் முழுக்க, “இப்படியா வல போடுவாங்க?” என்று குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

கடற்கரை ஊர்க்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயர் முனைகளைத் துடையுங்கள். களிம்பு திரும்பத் திரும்ப வரும்.

பின்னால் மாட்ட வேண்டிய இரண்டு ஸ்பீக்கர்களை இன்னும் மாட்டவில்லை. நிலைக்கு மேலே ஒயர் இழுக்க வேண்டும். அவர் லீவில் வரட்டும் என்று விட்டிருக்கிறேன். மாமாவோ, “முன்னால பேசுறது போதும், முதுகுக்குப் பின்னால யாரும் பேச வேண்டாம்” என்கிறார்.