மேற்கே போகும் மூட்டைகள்

விருதுநகர் மாவட்டத்தை அறிய நினைப்பவர்கள் அதை மேற்கிலிருந்து கிழக்காகப் பஸ்ஸில் கடந்து பார்க்க வேண்டும். ராஜபாளையத்தில் ஏறும்போது முதுகுக்குப் பின்னால் மலை நிற்கிறது. தென்னந்தோப்பும் நூற்பாலைகளும் கூடவே வருகின்றன. சிவகாசி வந்ததும் அச்சகம், தீப்பெட்டி, பட்டாசு என்று தெருவெல்லாம் வேலை. விருதுநகரில் பருப்பும் எண்ணெயும் வத்தலும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. அங்கிருந்து அருப்புக்கோட்டை. அதையும் தாண்டித் திருச்சுழி ரோட்டில் வண்டி திரும்பியதும் கண்ணுக்குப் படும் பச்சை ஒன்றே ஒன்றுதான், சீமைக்கருவேலம். அரைநாள் பயணம், ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். நான் போனது பங்குனி வெயிலில்.

அருப்புக்கோட்டையில் இறங்கி நெசவாளர் தெருக்களில் கொஞ்சம் நடந்தேன். விசைத்தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. தறியை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். நிறுத்தினால் கூலி குறையும் என்பதால் அதிகம் கேட்கவும் மனம் வரவில்லை. "நூலும் அவங்களது, சேலையும் அவங்களது. கூலி மட்டும்தான் நம்மளது" என்றார் ஒரு பெரியவர். அன்று முழுக்க அந்தப் பேச்சு என்கூடவே வந்தது.

ஊருக்கு வெளியே மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு விரைகின்றன. அவற்றில் இந்த ஊர்ச் சரக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டு டீ குடித்தேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு 143.5 கிலோமீட்டர் புது ரயில்பாதை 2011-12ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை ஒரு துண்டு முடிந்தது. மீதிப் பாதைக்காக ஊர் காத்திருக்கிறது. விருதுநகர்–மானாமதுரைப் பாதை 2013இல் அகலப்பாதையானது மட்டும்தான் ஆறுதல்.

இந்தப் பக்கத்துக்கு அரசியலில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எம்.ஜி.ஆர். 1977இல் அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் முதலமைச்சரானார். 2021இல் அமைந்த அமைச்சரவையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி இரண்டு தொகுதி உறுப்பினர்களுமே அமைச்சர்களானார்கள். 2023 மே மாதம் நிதித்துறையே திருச்சுழி உறுப்பினர் கைக்கு வந்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வந்தவை கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனாலும் காலை ஆறு மணிக்கு ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் மில் வேன்கள் நின்றபாடில்லை. ரமணர் பிறந்த ஊர் திருச்சுழி. 1879இல் பிறந்து, பள்ளிப் படிப்புக்காகத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் போனார். இன்றைக்குப் பிள்ளைகள் வேலைக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள்.

ஏன் இப்படி என்பதற்குக் கணக்கிலேயே ஒரு பதில் இருக்கிறது. பின்தங்கிய பகுதிகளுக்கான நிதிக்கு என மத்திய அரசு 2006இல் 250 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது பக்கத்துச் சிவகங்கை அதில் இருந்தது, விருதுநகர் இல்லை. திருச்சுழியைத் தாண்டி இருக்கும் நரிக்குடியிலிருந்து சிவகங்கை எல்லை கூப்பிடு தூரம். அந்தப் பக்கமும் இதே கரிசல், இதே வறண்ட கண்மாய், இதே கருவேலம். ஆனால் நரிக்குடி இருப்பதோ சிவகாசியும் ராஜபாளையமும் உள்ள மாவட்டத்தில். அந்த ஊர்களின் வருமானத்தைக் கூட்டி வகுத்தால் நரிக்குடிக்காரரும் ஏட்டில் வசதியானவர் ஆகிவிடுகிறார். 2018இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. நல்லதுதான். ஆனால் அங்கேயும் அளவுகோல் மாவட்டம்தான். சராசரியை ஏற்றிக் காட்ட மேற்கே செய்தாலும் போதும். கண்மாய் கண்மாயாக, ஊர் ஊராகக் கணக்கெடுக்காதவரை கிழக்கின் குறை யார் கண்ணுக்கும் படாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் போகும்போது ரோட்டோரம் புகை தெரிந்தது. விறகைக் கரியாக்கும் கரிமூட்டம். இறங்கி நடந்தேன். ஆள் உயரத்துக்கு மண்குவியல், அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் ஒரு அம்மா. கையில் மண்வெட்டி, பக்கத்தில் குழைத்த மண். எங்கே கீறல் தெரிகிறதோ அங்கே ஒரு கை மண்ணை அப்புகிறார்.

"தூர்க்கட்டைய அடியில வச்சு, மேல சிறுவிறகு அடுக்கி, தழையப் போட்டு மண்ணப் பூசணும் தம்பி. எங்கயாச்சும் மண்ணு வெடிச்சா காத்து உள்ள போயிரும். காத்து போச்சுன்னா கரி கிடையாது, சாம்பல்தான்."

"ராத்திரியும் இருக்கணுமாம்மா?"

"இருக்கணும். நானும் எங்க வீட்டுக்காரரும் மாத்தி மாத்திப் படுத்துக்கிருவோம். வெள்ளப் புகை வந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். நீலமா வந்தா வெந்துருச்சு."

வெந்த பிறகு தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். இங்கே நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். தண்ணீரை டேங்கரில் விலைக்கு வாங்குகிறார்கள். ஆறியதும் கரியைக் கிளறி, சலித்து, தூர்க்கரியைத் தனியாகவும் குச்சிக்கரியைத் தனியாகவும் மூட்டை கட்டுகிறார்கள். தூர்க்கரிக்கு விலை கூடுதல். எடை போடுவது வாங்க வரும் வியாபாரியின் தராசு. விறகு வெட்ட முன்பணம் கொடுத்தவரும் அவர்தான், ஆகவே விலை சொல்வதும் அவரே. லாரி மேற்கே போகிறது. ஓட்டல் அடுப்புக்கும் ஆலைகளுக்கும் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கரி எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை கைக்கும் லாபம். மூட்டத்தைச் சுற்றி விடியவிடிய நடந்தவருக்குக் கூலிக்கணக்கு மட்டும். அருப்புக்கோட்டைப் பெரியவர் சொன்னதே இங்கேயும்.

சற்றுத் தள்ளிக் களத்தில் முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வத்தல் களத்தை விட்டுக் கிளம்புவது சாக்கில். பொடியாவதும் பாக்கெட்டில் அடைபடுவதும் வேறு ஊரில். தெற்கே எல்லை தாண்டிக் கமுதியில் 2016இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. கோடிக்கணக்கில் முதலீடு வந்த இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பலகைகளின் தூசியைத் துடைப்பதுகூட ரோபோக்கள். வெயில் இந்த மண்ணுடையது, மின்சாரம் கம்பி வழியே போய்விடுகிறது. விறகு, வத்தல், வெயில், பிள்ளைகள் என்று இங்கே விளைவதெல்லாம் விளைந்த நிலையிலேயே வெளியேறுகிறது. மதிப்புக் கூடும் இடம் எப்போதும் வேறு ஊராக இருக்கிறது. எனக்கு இதில் ஆற்றாமையைவிடக் கோபம்தான் அதிகம்.

பெரிய திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2023இல் அறிவித்த ஏழு பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று இந்த மாவட்டத்துக்கு, இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் வருகிறது. அது சாத்தூர்ப் பக்கம். நரிக்குடிப் பெண்ணுக்கு அதுவும் வேன் ஏறிப் போகும் வேலையாகத்தான் இருக்கும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய். குண்டாறு திருச்சுழி வழியாகத்தான் ஓடுகிறது, அதாவது மழைக்காலத்தில் ஓடுகிறது. இந்த இணைப்பில் வைகையிலிருந்து குண்டாற்றுக்கு வரும் பகுதி மூன்றாம் கட்டம், கடைசிக் கட்டம். இதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் சீமைக்கு ஆற்றுநீர் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அந்தத் தண்ணீர் வந்து நிற்க வேண்டிய கண்மாய்களுக்குள் இன்று கருவேலங்காடு நிற்கிறது. கால்வாய்க்கு முன்னால் கண்மாய்க்குள் இறங்கியாக வேண்டும்.

கரிமூட்டத்து அம்மாவிடம் புறப்படும்போது கேட்டேன், என்ன இருந்தால் நன்றாக இருக்கும் என்று.

"எங்களுக்குன்னு ஒரு தராசு, மழை நனையாத ஒரு கொட்டகை. அம்புட்டுதான். ஐப்பசி, கார்த்திகையில மூட்டம் போட முடியாது, அப்பக் கரி விலை ஏறும். அதுவரைக்கும் வச்சிருக்க இடமில்லாமத்தான் இப்பவே கொடுத்துட்டு நிக்கிறோம்."

கிராமசபையில் ஒருமுறை எழுந்து பேசியிருக்கிறாராம், மனுவும் கொடுத்திருக்கிறாராம். மே 1ஆம் தேதி கிராமசபைக்கு மூட்டம் போடும் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் கேட்கப் போவதாகச் சொன்னார்.