மாமாவின் பழைய லாரி

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தால், "உனக்கு ஏனப்பா இவ்வேலை?" என்று நண்பர்கள் நகைப்பது இயல்பே. சைக்கிளின் சங்கிலி கழன்றால் அதை மாட்டத் தெரியாது, கடைத்தெரு வரையில் உருட்டிக்கொண்டு செல்பவன் யான் என்பதை விடுதி அன்பர்கள் நன்கறிவர். எனினும் 2024-ம் வருடத்துக் கோடை விடுமுறையில் ஏழு வாரகாலம் ஒரு பழைய லாரியோடும், அதற்கென வைத்திருந்த ஒரு போலீஸ் கார் எஞ்சினோடும் யான் உறவாட நேர்ந்தது. அப்போது யான் செய்த பிழையொன்று இன்றும் நெஞ்சில் உறுத்துகின்றமையால் இதனை எழுதலானேன்.

என் தாய்மாமா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் மாகாணத்தில், டெட்ராயிட் நகருக்கு அண்மையில், முப்பது வருடத்திற்கு மேலாகக் குடியிருப்பவர். அவ்வருடம் ஏப்ரல் மாதத்தில் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அத்தை வேலைக்குச் செல்பவராதலின் உதவிக்கு என் அன்னை புறப்பட்டார். துணையாக யானும் சென்றேன். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே மாமா ஊன்றுகோலுடன் எழுந்து நின்று, "மருமகனே, எனக்கு வேண்டியது பத்தியச் சோறு அன்று, இரண்டு கைகள். வா" என்று என்னைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே 1955-ம் வருடத்து ஃபோர்டு எஃப்-100 பிக்கப் லாரி ஒன்று நின்றது. கன்னம் உப்பிய பாட்டனாரைப் போன்ற முகம். பின்னே மரப்பலகை பாவிய சரக்குத் தட்டு. முன்மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் பள்ளம். அதன் அருகில் ஒரு மரச்சட்டத்தின்மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது அந்த எஞ்சின்.

அமெரிக்கர் சிலருக்கு இஃது ஒரு பெரும் பொழுதுபோக்கு. தாத்தா காலத்து லாரியின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரை மட்டும் மாற்றிவிடுகின்றனர். கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தையைக் கதையில் படித்திருக்கின்றோம்; இவர்கள் அதனைச் செயின் பிளாக் கொண்டு செய்கின்றனர். அதற்கு அவர்கள் மிகவும் விரும்பித் தேடுவன, போலீசார் ஓட்டிக் கழித்த கார்கள். அவற்றுள்ளும் ஃபோர்டு கிரௌன் விக்டோரியா என்னும் வண்டிக்கே தனி மதிப்பு. கனடா நாட்டில் ஒண்டேரியோ மாகாணத்துச் செயின்ட் தாமஸ் என்னும் ஊரின் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. ஊரின் பெயரைக் கேட்டதும் நம் பரங்கிமலைத் தோமையாரின் பெயர் அங்கும் சென்றதே என்று மகிழ்ந்தேன். விசாரித்தபோது, அப்பகுதியில் குடியேற்றம் நடத்திய தாமஸ் டால்பட் என்னும் படைத்தலைவரின் பெயரே அது என்று தெரிந்தது. அவரை அர்ச்சியசிஷ்டராக்கியவர் யாரோ! 2011-ம் வருடம் செப்டம்பர் 15-ந் தேதி அத்தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளிவந்தது. அஃது அரேபியாவுக்குப் போயிற்று. அன்றோடு அவ்வினம் முடிந்தது. பல வருட காலம் அமெரிக்கப் போலீசாரின் கார் என்றால் பெரும்பாலும் இதுவே.

போலீசார் ஒரு காரைச் சில வருடங்கள் ஓட்டியபின் ஏலத்தில் விட்டுவிடுவர். எழுத்துகளையும் முத்திரைகளையும் உரித்துவிடுவர்; ஆயினும் கூரையில் விளக்குச் சட்டம் இருந்த துளைகளும், உள்ளிருந்து திறக்க இயலாத பின்கதவுகளும் அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். மாமா 2018-ல் ஏலத்தில் எடுத்த 2011-ம் வருடத்து வண்டி 1,18,000 மைல் ஓடியிருந்தது. அவ்வளவு ஓடிய எஞ்சினுக்கு ஏன் இத்தனை ஆசை என்று கேட்டேன். மாமா சிரித்து, "மைலை மட்டும் பார்க்காதே" என்றார். அவ்வண்டியில் மைல் கணக்கோடு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் காட்டும் வசதி உண்டு. அதில் 7,400 மணி என்றிருந்ததாம். வகுத்துப் பார்த்தால் மணிக்குப் பதினாறு மைலும் முழுதாய் வராது. அஃதாவது, துரத்தி ஓடிய நேரத்தைவிட, தெருவோரத்தில் நின்றபடியே எஞ்சின் சுழன்ற நேரமே மிகுதி. காவலர் உள்ளே அமர்ந்து அறிக்கை எழுதியிருப்பார். குளிருக்கு வெப்பமும் ரேடியோவுக்கு மின்சாரமும் அதுவே தந்துகொண்டிருந்திருக்கும். இவ்வாறு நின்று நின்று உழைப்பதற்கென்றே அதற்கு எண்ணெயைக் குளிர்விக்கும் தனி உறுப்பும், வலிய ஆல்டர்னேட்டரும் அமைத்திருந்தனர்.

இங்கே யான் உண்மையைச் சொல்லவேண்டும். "போலீஸ் எஞ்சின்" என்றதும் அசுர வேகம் என்று யான் எண்ணியிருந்தேன். எட்டுச் சிலிண்டர், 4.6 லிட்டர், சாமானியர் வாங்கிய அதே காரில் 224 அல்லது 239 குதிரைச்சக்தி, போலீசாருக்குக் காற்றிழுக்கும் வழியை விரிவாக்கி 2004 முதல் 250. அவ்வளவே. டாக்ஸிகளிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் ஓடிற்று. இதன் சிறப்பு வேகத்தில் இல்லை, பொறுமையில் இருக்கின்றது என்பது என் துணிபு. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதனை ஒப்பமாட்டார். அவர் செவர்லே கட்சியினர். 1994 முதல் 1996 வரை வந்த கப்ரீஸ் போலீஸ் காரின் 5.7 லிட்டர், 260 குதிரைச்சக்தி எஞ்சினே எஞ்சின் என்பார். அவ்வண்டியை நிறுத்திய பின் டெக்ஸாஸில் ஆர்லிங்டன் நகரத்துத் தொழிற்சாலையை லாரி முதலிய பெருவண்டிகள் செய்வதற்கு மாற்றிவிட்டதை இன்னும் துக்கம் கேட்பவர் குரலில்தான் சொல்வார். வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று அவரும் மாமாவும் வாதிடுவதைக் கேட்டால், சைவ வைணவ வாதங்களெல்லாம் எனக்குச் சாதுவாகத் தோன்றின.

மாற்றிப் பொருத்துவது என்பது ஒன்றை எடுத்து மற்றொன்றை வைப்பதன்று. பழைய லாரியின் ஸ்டியரிங் பெட்டி சட்டத்தின் இடப்புறத்தில் இருக்கின்றது. புதிய எஞ்சினுக்கோ தலைமேல் காம் தண்டு. ஆகையால் அது மேற்பாகத்தில் அகன்றது. புகைக்குழாய் அப்பெட்டியில் இடிக்கும். இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். 2003 முதல் கிரௌன் விக்டோரியாவின் முன்சக்கரத் தொகுதி முழுவதும் ஓர் அலுமினியக் குறுக்குச்சட்டத்தில் அமைந்து, போல்ட்டுகளைக் கழற்றினால் ஸ்டியரிங்கோடு ஒன்றாய் இறங்கிவிடும். அதனை அப்படியே பழைய சட்டத்தின்கீழ் ஏற்றிவிடுகின்றனர். அகலம் சற்று மிகுதியாதலின், சக்கரம் உள்வாங்கிய வடிவில் இராவிட்டால் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோலுக்கு அழுத்தம் மிகுந்த மின்சாரப் பம்பு வேண்டும். 1955-ம் வருடத்து லாரியின் மின்சாரமோ 6 வோல்ட், புதியது 12. ஆக்ஸிலேட்டருக்குக் கம்பி இழுப்பே கிடையாது. மிதிகட்டையிலிருந்து மின்சாரச் செய்திதான் போகின்றது. ஆதலின் மிதிகட்டையும் பழைய காரிலிருந்தே வரவேண்டும். இவையனைத்திற்கும் மேலாகக் கணினியும், அதிலிருந்து கூந்தல்போல் விரியும் வயர்களும். எஞ்சினைத் தூக்கி வைப்பது ஒரு நாள் வேலை; வயர்களைத் தெளிவதோ ஒரு மாத வேலை என்பர்.

அவ்வேலையை மாமா தனியே தொடங்கவில்லை. அவர் மகன், என் அத்தான், அவருடன் இருந்தார். முன்சக்கரத் தொகுதியை ஏற்றியதும், காரின் வயர்க்கட்டைப் பிரித்து வேண்டாதவற்றை நீக்கியதும் அத்தானே. 2021-ல், பொறியியற் கல்லூரியில் மூன்றாம் வருடத்தில், படிப்பை விட்டுவிட்டார். டென்னசி மாகாணத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. ஓய்வுநாளெல்லாம் கை முழுதும் கிரீஸ் பூசிக்கொண்டு மகிழ்ந்தவர், அதனையே மகன் பிழைப்பாகக் கொள்வதைத் தாளமாட்டாராயினார். இருவரும் சொன்ன சொற்கள் கடுமையானவை என்று அத்தை ஒருநாள் அன்னையிடம் கூறினார். அதன்பின் பேச்சில்லை, எஞ்சினும் தார்ப்பாயின்கீழ்ப் போயிற்று. என் தந்தையும் என்னை எஞ்சினீயராகக் காண விரும்பியவரே. ஆதலின் இச்செய்தியைக் கேட்டபோது யான் அத்தையின் முகத்தைப் பாராமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என் பிழை. மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாமா மருத்துவரிடம் சென்றார். "எஞ்சினைத் துடைத்து வை" என்று மட்டும் சொல்லிப் போனார். அவர் மெச்சும்படி செய்யவேண்டும் என்னும் ஆவலால், யான் துடைத்ததோடு நில்லாமல் வயர்க்கட்டையும் துடைத்தேன். ஒவ்வொரு முனையிலும் அழுக்கேறிய நாடாத் துண்டுகள் ஒட்டியிருந்தன. பழைய குப்பை என்று எண்ணி, பெட்ரோல் நனைத்த துணியால் அவற்றையெல்லாம் உரித்து, பையிலிட்டு, தெருவில் வைத்தேன். மறுநாட் காலை குப்பை வண்டி வந்து எடுத்துச் சென்றது.

அவை அத்தான் எழுதி ஒட்டிய அடையாளச் சீட்டுகள். எந்த வயர் எதனோடு சேரும் என்பதற்கு வேறு குறிப்பு வீட்டில் இல்லை. சிலிண்டர்களுக்குரிய எட்டு முனைகளிலும் தமிழ் எண்களையே எழுதியிருந்தாராம். சிறுவயதில் மாமா அவருக்கு விளையாட்டாய்க் கற்பித்தவை அவை. தன் ஊருக்கு ஒருமுறையே வந்திருந்த அத்தான் அவற்றை நினைவில் வைத்திருந்தார்; தமிழ் படிக்கும் யான் அவற்றைக் கிரீஸ் கறை என்று எண்ணிக் குப்பையிலிட்டேன்.

மாமா என்னைக் கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் வயர்களைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்; பின்பு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரவு உணவுக்கும் வரவில்லை. "படித்த பிள்ளை என்று நம்பி உன்னிடம் விட்டாரே" என்று அன்னை சொன்னது இரண்டு நாள் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

பின்னர்ப் பத்து நாள் வயரிங் படங்களோடு போராடினோம். மாமாவிடம் இருந்த புத்தகம் 2007-ம் வருடத்து வண்டிக்குரியது, எங்களுடையது 2011. ஓரிடத்தில் பச்சையில் வெள்ளைக்கோடு என்றிருக்கும். எங்கள் கையில் வேறு நிறம். ஏட்டுப்பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பதைப்போல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். பெரும்பாலானவை தெளிந்தன, உருவம் வேறுபட்ட முனைகள் மாறிப் பொருந்தமாட்டா. ஆனால் வெட்டி நீக்கிய வயர்களுள் ஆறேழு விளங்கவேயில்லை. "அத்தானைக் கேட்கலாமே, மாமா" என்றேன். "அவனை எதற்கு?" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் பேச எனக்குத் துணிவில்லை.

அன்றிரவு மாமா அறியாமல் அத்தானுக்குச் செய்தி அனுப்பினேன். செய்த பிழையை மறையாது எழுதி, வயர்களின் படங்களையும் சேர்த்தேன். நள்ளிரவு கடந்து மறுமொழி வந்தது. என்னைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை; ஆறு வயர்களுக்கும் விடை இருந்தது. கடைசியில், "அப்பா முழங்கால் எப்படி இருக்கின்றது?" என்றொரு வரி.

காலையில் நோட்டுப் புத்தகத்தில் விடைகளைக் கண்ட மாமா, "இது எங்கிருந்து வந்தது?" என்றார். சொல்லிவிட்டேன். முழங்காலைப் பற்றிய வரியையும் காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "சாலிடர் இரும்பைச் சூடாக்கு" என்றார்.

மே மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் எஞ்சினை முதன்முறை ஓட்ட ஆயத்தமாயினோம். அத்தானைத் தொலைபேசியில் அழைத்து, மட்கார்டின்மேல் வைத்தேன், மாமா தடுக்கவில்லை. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பற்றிக்கொண்டது, ஆனால் இருமிற்று, வெடித்தது, லாரி முழுதும் குலுங்கிற்று. மாமா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். குறையறியும் கருவியை மாட்டினால் பி 0302, பி 0303 என்று காட்டிற்று. இரண்டாம் சிலிண்டரும் மூன்றாம் சிலிண்டரும் முறையாய் எரியவில்லை என்பது பொருள். யான் எண்களை உரக்கப் படித்தேன்.

"அப்பா, ௨-ம் ௩-ம் இடம் மாறியிருக்கின்றன" என்றது தொலைபேசி.

மூன்று வருடத்தில் அத்தான் தம் தந்தையை நோக்கிச் சொன்ன முதல் வாக்கியம் அதுவே என்று பின்னர் அத்தை கூறினார். மாமா குனிந்து, வலப்புற வரிசையில் பக்கம் பக்கமாயிருந்த அவ்விரு முனைகளையும் கழற்றி மாற்றிச் செருகினார். மறுபடி சாவியைத் திருப்பினேன். இம்முறை எஞ்சின் ஒரே சீராய் ஓடிற்று. மட்கார்டின்மேல் அத்தை வைத்திருந்த தேநீர்க் கிண்ணத்தில் நீர்வளையங்கள் மட்டும் தோன்றின.

சிறிது பொறுத்து மாமா, "இடப்புறத்துப் புகைக்குழாயை எந்த வழியாய்க் கொண்டுபோக நினைத்திருந்தாய்?" என்று கேட்டார். அத்தான் சொல்லத் தொடங்கினார். கல்லூரியைப் பற்றியோ வேலையைப் பற்றியோ பேச்சு எழவில்லை. யான் கைகழுவச் சென்று திரும்பியபோதும் குழாயைப் பற்றிய பேச்சே நடந்துகொண்டிருந்தது. ஆதலின் உள்ளே நுழையாது வாயிலிலேயே நின்றேன்.

ஜூன் மாதத்தில் யாங்கள் புறப்படும்போது லாரிக்கு முன்மூடியும் இல்லை, வண்ணமும் இல்லை. முதல்நாள் மாலையில் மாமா வெள்ளை நாடாச் சுருளையும் பேனாவையும் என்னிடம் தந்தார். எட்டு முனைகளுக்கும் புதிய சீட்டுகளை யானே எழுதி ஒட்டினேன். மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தார்.