மாற்றிக் கொடுத்த போன் புதுசா?

வாரண்டியில் போனை மாற்றிக் கொடுத்தால் அது புதுப் போன் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வாரண்டி அட்டையின் பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். 'புதியது அல்லது புதுப்பிக்கப்பட்டது' என்று பல கம்பெனிகள் போட்டிருக்கும். இதைத்தான் ரீஃபர்பிஷ்டு என்கிறார்கள்.

போன மாதம் என் மனைவியின் போன் திரை கறுத்துப் போனது. சர்வீஸ் சென்டரில் வேறொரு போன் கொடுத்தார்கள். வெறும் வெள்ளைப் பெட்டி.

"புதுசா தம்பி?"

"புது போன் மாதிரிதான் சார்."

அந்த 'மாதிரி' எனக்கு உறுத்தியது. போக்குவரத்துக் கழக டிப்போ ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான். ரீட்ரெட் டயரை மட்டம் என்று சொல்லமாட்டேன். பின்சக்கரத்தில் நன்றாகவே ஓடும். ஆனால் எது புதுசு, எது ரீட்ரெட் என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். முன்சக்கரத்தில் எதை மாட்டுவது என்பது அதைப் பொறுத்தது.

போனில் எப்படிக் கண்டுபிடிப்பது? சார்ஜர் சொருகும் துளையில் கீறல், சிம் தட்டில் தேய்மானம், ஓரத்தில் பசைத் தடம் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் கம்பெனியே புது மூடி, புதுத் திரை போட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் சர்வீஸ் ரசீதிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், முடக்கப்பட்ட எண்ணா, போலியா என்று தெரியும். புதுசா பழசா என்பதை அது உறுதியாகச் சொல்லிவிடாது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செட்டிங்ஸில் மாடல் எண்ணின் முதல் எழுத்து 'எம்' என்றால் கடையில் புதிதாக விற்றது, 'எஃப்' என்றால் புதுப்பித்தது, 'என்' என்றால் மாற்றாகக் கொடுத்தது. ஐபோன் 15 முதல் பேட்டரி எத்தனை முறை சார்ஜ் சுற்று முடித்தது, முதலில் எப்போது பயன்பட்டது என்பதும் தெரியும்.

எங்கள் விஷயத்தில் மேனேஜரைப் பார்த்துக் கேட்டேன். ரீஃபர்பிஷ்டுதான், பேட்டரி புதுசு, பழைய போனுக்கு மீதமிருந்த ஐந்து மாத வாரண்டி இதற்கும் உண்டு என்றார். "சார், அதை அப்படியே ரசீதில் எழுதிக் கொடுங்கள்" என்றேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு சீல் வைத்துக் கொடுத்தார்.

"இதுக்குப் போய் ஒரு மணி நேரமா?" என்றாள் மனைவி. பென்ஷன் பணத்தில் வாங்கிய போன். ஐந்து மாதத்துக்குள் மறுபடி கெட்டால் காட்ட அந்தச் சீட்டு வேண்டும்.

நீங்களும் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.