அலங்காரச் சுழி

தொட்டு எழுதும் பேனாவைப் பிடித்து, ஆங்கிலேயரின் ரவுண்ட்ஹாண்ட் எழுத்தில் அலங்காரச் சுழிகள் போடும் வித்தையை நான் அப்பியாசம் செய்யத் தொடங்கியது முதல், எழுத்தைக் காட்டிலும் சுழிக்கே கடுமையான நியமம் வேண்டும் என்ற எண்ணம் என் மனத்தில் வலுப்பட்டு வருகிறது. எழுத்துக்குக் கீழே கோடு உண்டு, மேலே கோடு உண்டு, சாய்வைக் காட்டும் கோடும் உண்டு. ஆனால் 'ஒய்' என்ற எழுத்தின் வால் அவற்றையெல்லாம் கடந்து வெற்றிடத்தில் இறங்கிய கணமே, எழுதுகிறவனுடைய கையின் லயம் ஒன்றைத் தவிர அதற்கு வேறு துணை இல்லை.

அந்த லயம் விரலில் பிறப்பதில்லை. விரலை மட்டும் அசைத்தால் குறுகிய வளைவே கிட்டும்; விசாலமான நீள்வட்டம் வேண்டுமானால் தோளிலிருந்து கை முழுவதும் இயங்க வேண்டும். ஆகவே, பேனா தாளைத் தொடுவதற்கு முன்பே கை அந்த நீள்வட்டத்தைக் காற்றில் சுற்றிப் பார்த்து, சுற்று நிலைப்பட்டதும், வேகம் குறையாமல் தாளில் இறங்குகிறது. முடிவிலும், ஓடும் வண்டியிலிருந்து குதிக்கிறவன் அது போகும் திசையிலேயே நாலடி ஓடி நிற்பதைப் போல, தாளை விட்ட பேனா காற்றில் சற்றுத் தூரம் சென்றுதான் ஓய வேண்டும். இடையில் கை தயங்கினால் கோடு நடுங்கிவிடும். அந்த நடுக்கத்தைப் பின்னால் எந்தத் திருத்தத்தாலும் மறைக்க இயலாது.

நிப்பின் நுனி நடுவில் பிளந்திருக்கும். கீழ்நோக்கி இழுக்கையில் சிறிது அழுத்தினால் இரு கூர்களும் விலகி, மசி பட்டையாக விழும். அழுத்தம் தளர்ந்ததும் கூர்கள் ஒன்றுசேர, மேலேறும் கோடு மயிரிழையாகிவிடும். தடித்த கோட்டைத் தடித்த கோடு வெட்டலாகாது என்பது இக்கலையின் பிரதான விதி. மெல்லிய கோடு தடித்ததன் குறுக்கே ஏறக்குறையச் செங்கோணமாகச் சென்றால் நான்கு மூலைகளும் வெண்மையாகத் திறந்து நிற்கும். மிகவும் சாய்ந்து சென்றாலோ, குறுகிய மூலையில் ஈர மசி கூடிக் கறுப்புத் திட்டாகத் தேங்கிவிடும். சுழியின் சௌந்தரியத்தில் பாதி, கோடுகளுக்கு இடையே அகப்பட்ட இந்த வெண்மையைச் சேர்ந்தது.

இதன் உச்சத்தைக் காண விரும்புகிறவர்கள், ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை லண்டனில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'யூனிவர்சல் பென்மன்' என்ற நூலைப் பார்க்க வேண்டும். 25 எழுத்தாசிரியர்களின் கைவண்ணத்தை அவர் 212 பக்கங்களில் செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்டுத் தந்தார். வணிகக் கணக்குக்கும் கடிதத்துக்கும் பயன்பட்ட எழுத்துக்கு இத்தனை சுழிகள் எதற்கு என்று கேட்கலாம். அவர்களுக்கு முந்திய 17ஆம் நூற்றாண்டிலேயே, எட்வர்ட் காக்கர் முதலிய ஆசிரியர்கள் சுழிகளாலேயே உருவங்கள் சமைத்துக் காட்டினார்கள். கை தனக்கு வசப்பட்டது என்பதற்கு ஆசிரியன் காட்டக்கூடிய அத்தாட்சி அதுவே.

எனினும் பிக்கமின் பக்கங்களைப் பார்த்துப் பயில்கிறவர் ஒன்றை மறக்கலாகாது. அங்கே நம் கண்ணில் படுவது, பேனா ஓடிய வழியைப் பின்பற்றிச் செதுக்குளி செம்பில் நிதானமாக உழுத கோடு. அந்த மாசற்ற நேர்த்தியைப் பேனாவாலும் மெல்ல மெல்ல வரைந்து எட்டிவிடலாம் என்று பிரயாசைப்பட்டால், உயிரற்ற கோடே மிஞ்சும். வேகத்தில் பிறந்த கோட்டில் சிறு குறை இருப்பினும் லாவண்யம் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதையே நான் எடுத்துக்கொள்வேன்.

இதைப் பயில முற்படுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மசியைத் தொடுமுன் பென்சிலால் பக்கம் பக்கமாக நீள்வட்டங்கள் போடுங்கள், ஒரு பெயரை எழுதும்போது முதலெழுத்துக்கோ கடைசி எழுத்தின் வாலுக்கோ ஒரு சுழியைத் தந்து, மற்ற எழுத்துக்களை அப்படியே விட்டுவிடுங்கள், அந்தப் பெயரைப் படிக்கப் பிறர் திணறினால், சுழி எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், வேறு தாளை எடுத்து மறுபடியும் எழுதுங்கள்.