சக்கரமும் அளவும்

அரபு இலக்கணமும் தமிழ் இலக்கியமும் பயிற்றுவித்துக் காலம் கழிக்கும் நாம், மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது வாசக அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நமக்குக் காரோட்டத் தெரியாது. சைக்கிளுக்குக் காற்றடிப்பதைத் தவிர வேறெந்த இயந்திர வேலையும் நாம் செய்தவரல்லர். ஆயினும், அறியாமல் நாம் சொன்ன ஒரு சொல் நம் ராத்தாவின் ஒரே மகனைப் பெரும் ஆபத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தியது. வளைகுடா நாடுகளில் பொருளீட்டும் பிள்ளைகள் நம் இல்லங்கள் பலவற்றிலும் இருக்கின்றனர். அவர்களுட் சிலருக்கு வேகக் கார்களின்மீது தணியாத மோகமும் உண்டு. ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

நம் மருமகன் துபாயில் கணக்காளராகப் பணிபுரிகிறான். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 2014-இல் வெளிவந்த டொயோட்டா 86 என்னும் சிறிய வேகக் காரைப் பழைய விலைக்கு வாங்கினான். வாங்கிய சில வாரங்களில் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. வெண்கல நிறத்தில் அகன்று பளபளக்கும் நான்கு சக்கரங்கள், டயர்களோடு. "மாமா, மலிவாகக் கிடைக்கிறது. கடைக்காரர் என் வண்டிக்குச் சரியாகப் பொருந்தும் என்கிறார். வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். நாம் அப்போது பாட வேளைக்கு விரைந்துகொண்டிருந்தோம். படம் அழகாக இருந்தது. "வாங்கு" என்று பதில் அனுப்பிவிட்டு வகுப்புக்குள் நுழைந்துவிட்டோம்.

'லா அத்ரீ' - 'எனக்குத் தெரியாது' - என்று தயங்காமற் சொல்லப் பழகுவதும் கல்வியின் ஒரு பகுதியே என்பது மதரஸாவில் நமக்குப் புகட்டப்பட்ட முதற்பாடங்களுள் ஒன்று. முப்பதாண்டுகளாக அதை மாணவர்களுக்கு நாமும் சொல்லி வருகிறோம். அன்று அது நம் நினைவுக்கு வரவில்லை.

அவ்வாண்டு நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் நாம் துபாய் சென்றோம். மருமகன் ஃபுஜைராவைக் காட்டுவதற்காக நம்மை அந்தக் காரிலேயே அழைத்துச் சென்றான். பின்னால் பெட்டிகள், முன்னால் அவனும் நாமும். வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. "கொஞ்ச நாளாகவே இப்படித்தான் மாமா. மூன்று முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை" என்றான். மலைப்பகுதியில் சாலை ஏறி இறங்கும் இடங்களிலெல்லாம் பின்புறத்தில் ஏதோ உராயும் ஒலி கேட்டது. சற்றைக்கெல்லாம் ரப்பர் கருகும் வாடையும் வந்தது. நாம் வற்புறுத்தவே, ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தான். பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின் விளிம்பு டயரின் தோளைச் சுற்றிலும் கத்திபோல் சீவியிருந்தது. ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூலிழை வெளியே தெரிந்தது. இன்னும் சில மைல் ஓடியிருந்தால் டயர் வெடித்திருக்கும். இருவரும் நெடுநேரம் பேசாமல் நின்றோம். ஊரில் அவனுக்காகக் காத்திருக்கும் ராத்தாவின் முகமே நம் கண்முன் நின்றது.

வண்டியை வேறொரு வாகனத்தின் மீதேற்றி ஷார்ஜாவின் தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்தோம். 'ஸினாஇய்யா' என்னும் அரபுச் சொல்லை நம்மவர் 'சனையா' என்று வழங்கும் அவ்விடத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் டயர்ப் பணிமனை நடத்துகிறார். அங்கே அனைவரும் அவரை 'உஸ்தாத்' என்றே அழைக்கின்றனர். நம் மாணவர்கள் நம்மை அழைப்பதும் அச்சொல்லாலேயே. அன்று அவரே உஸ்தாத், நாம் மாணவர். அவர் கற்பித்ததைக் கீழே தருகிறோம்.

"கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஹஜ்ரத். ஆனால் அவர் சொன்னது ஓர் அளவு மட்டும்" என்று தொடங்கினார். இந்தக் காரின் சக்கரம் ஐந்து போல்ட்டுகளால் பிணைக்கப்படுகிறது. அவ்வைந்தும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. புதுச் சக்கரத்தின் துளைகளும் அவ்வாறே இருந்தன. அதனாற்றான் அவை தடையின்றி ஏறின. துளை பொருந்தியதும் சக்கரமே பொருந்திவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள்.

இரண்டாம் அளவு, நடுத்துளை. வண்டியின் ஹப்பில் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் வளையத்தின் விட்டம் 56.1 மி.மீ. வாங்கிய சக்கரத்தின் நடுத்துளையோ 73.1 மி.மீ. பலவகைக் கார்களுக்கும் பயன்படட்டும் என்று வெளிச்சந்தைச் சக்கரங்களைப் பெருந்துளையுடன் செய்கின்றனர். அந்த இடைவெளியை நிரப்ப அளவான வளையம் ஒன்றை இடையிற் செருக வேண்டும். இங்கே அதனைச் செருகவில்லை. சக்கரம் மையத்தில் அமராமல் மயிரிழை விலகியிருந்தது. நடுக்கத்துக்கு அதுவே காரணம். பேலன்சிங் செய்வதை அரபியர் 'தர்ஸீஸ்' என்பர். ஈயத்தைக் குறிக்கும் 'ரஸாஸ்' என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. விளிம்பில் ஈயத்துண்டு வைத்து எடையைச் சமன்செய்யும் வழக்கத்தால் வந்த பெயர். ஈயத்துண்டு எடைக்குறையைத் தீர்க்கும். மையம் விலகியதை அது தீர்க்காது.

மூன்றாவது, 'ஆஃப்செட்' என்னும் அளவு. சக்கரத்தின் அகலத்தை இரண்டாகப் பகுக்கும் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் அது பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே அது. வண்டியுடன் வந்த சக்கரம் 7 அங்குல அகலம், 48 மி.மீ. ஆஃப்செட். மருமகன் வாங்கியதோ 9 அங்குல அகலம், 25 மி.மீ. ஆஃப்செட். உஸ்தாத் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய சக்கரத்தின் வெளிவிளிம்பு ஹப்பின் முகத்திலிருந்து 41 மி.மீ. வெளியே நின்றது. புதியது 89 மி.மீ. வெளியே நின்றது. வேறுபாடு 48 மி.மீ., அதாவது ஏறத்தாழ இரண்டு அங்குலம்! அவன் தனியே ஓட்டியவரை தகடு டயரை அவ்வளவாகத் தொடவில்லை. நாமும் நம் பெட்டிகளும் ஏறியமர்ந்ததும் வண்டி தாழ்ந்தது, மேடு பள்ளங்களில் தகடு டயரின்மீது இறங்கியது. "வாங்கு" என்று சொன்ன நாமே அதன்மேற் பாரமாகவும் ஏறியிருந்தோம்! இது மட்டுமன்று. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங்கின்மீது விழும் சுமை கூடுகிறது. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டியரிங் கையைப் பிடித்திழுக்கிறது.

நான்காவது, டயரின் உயரம். வண்டிக்கு உரிய டயர் 215/45ஆர்17. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்கிட்டால் முழு விட்டம் 625 மி.மீ. வருகிறது. வாங்கிய 245/40ஆர்18 டயரின் விட்டம் 653 மி.மீ. நூற்றுக்கு நாலரை மிகுதி. மீட்டர் 120 என்று காட்டுகையில் வண்டி முன்னிலும் ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். விட்ட வேறுபாடு நூற்றுக்கு மூன்றைத் தாண்டலாகாது என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் பொதுவிதி.

ஐந்தாவது, டயரின் தாங்குதிறனும் வயதும். வண்டிக்குரிய டயரில் '87டபிள்யூ' என்றிருக்கும். 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதற்கும், 'டபிள்யூ' என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கும் குறியீடு. புதிய டயர் இவற்றிற் குறையலாகாது. பக்கச்சுவரில் நான்கு எண்கள் வேறு பொறித்திருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். மருமகனின் டயரில் இருந்தது '2215'. அதாவது 2015-ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரம். ஏழாண்டு வெயில் தின்ற ரப்பர்! பூப்பள்ளம் தேயாதிருந்ததால் புதிது போலத் தோன்றியது. உற்றுப் பார்த்தபோது பக்கச்சுவரெங்கும் நுண்ணிய வெடிப்புகள்.

ஆறாவதாக அவர் சொன்னது நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. இந்தக் கார் டொயோட்டாவும் சுபாருவும் கூடிச் செய்தது. நெற்றியிலுள்ள பெயர் டொயோட்டா. ஆனால் அதன் ஹப்பும் போல்ட்டும் சுபாரு வழக்கத்தைச் சேர்ந்தவை. டொயோட்டாக்களிற் பெரும்பாலானவற்றின் போல்ட் மரை 1.5 மி.மீ. இடைவெளி கொண்டது. இதன் மரையோ 1.25 மி.மீ. பெயரைப் பார்த்து நட் வாங்குபவன் ஏமாறுவான். வலிந்து முறுக்கினால் மரை அழியும். அழிந்த மரை ஓட்டத்தின்போது சக்கரத்தைக் கைவிடும்.

மருமகன் தலைகுனிந்து நின்றான். "இந்தக் காருக்கு இதைவிட அகலச் சக்கரம் போட்டவர்களும் இருக்கிறார்களே, உஸ்தாத்" என்று மெல்லக் கேட்டான். "இருக்கிறார்கள் தம்பி. அவர்கள் அளந்து போட்டார்கள். நீ பார்த்துப் போட்டாய்" என்றார் அவர்.

பிறகு அவர் தேர்ந்து கொடுத்தவை 17 அங்குல விட்டமும் 8 அங்குல அகலமும் 42 மி.மீ. ஆஃப்செட்டும் உள்ள சக்கரங்கள். வெளிவிளிம்பு பழையதைவிட 19 மி.மீ. மட்டுமே வெளியே வரும். உள்விளிம்பு 7 மி.மீ. உள்ளே செல்லும். அங்கே ஷாக் அப்சார்பரைத் தொடாதபடி போதிய இடம் இருப்பதை விரல் விட்டே காட்டினார். 225/45ஆர்17 அளவில் அவ்வாண்டிலேயே செய்த டயர்கள். விட்டம் 634 மி.மீ. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. நடுவே உரிய வளையத்தைச் செருகி, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றுவிட்டு ஒன்றாக, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினார். முழு ஆட்களையும் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முற்றத் திருப்பி, எங்கும் உராயவில்லை என்று கண்ட பின்னரே வண்டியை ஒப்படைத்தார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று இருமுறை சொன்னார். மறுவெள்ளியன்று அதே சாலையில் ஃபுஜைரா சென்றோம். ஸ்டியரிங் அசையவில்லை.

இந்தக் காரை வடிவமைத்த தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாதா என்னும் ஜப்பானியர், பிடிப்பு மிகுந்த அகல டயர்களை வேண்டுமென்றே தவிர்த்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். மிதமான வேகத்திலேயே ஓட்டுபவன் வண்டியின் போக்கைக் கையால் உணர்ந்து மகிழ வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆக, அந்த அளவு ஏழ்மையால் வந்ததன்று, எண்ணிப் பார்த்து வைத்தது. மாற்றவே கூடாது என்பதில்லை. மாற்றப் புகுபவன், இருக்கும் அளவு ஏன் அப்படி இருக்கிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட சிறு தாள் ஒட்டியிருக்கும். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

பிள்ளைகள் தொலைவிலிருந்து நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது மரியாதையினால். நாம் பதில் சொல்வதோ பெரும்பாலும் அந்த மரியாதை தரும் மயக்கத்தினால். அதன்பின் மருமகன் எதைப் பற்றிக் கேட்டாலும், அறியாத பொருளானால், "தெரியாது வாப்பா, தெரிந்தவரைப் போய்க் கேள். அவர் சொன்னதை எனக்கும் சொல்" என்றே பதில் எழுதுகிறோம்.

இந்நிகழ்ச்சியை ராத்தாவிடம் இதுவரை நாங்கள் இருவரும் சொல்லவில்லை. அவர் இந்த இதழை ஒரு பக்கமும் விடாமல் வாசிப்பவர். இதை வாசித்து முடித்ததும் நமக்குத் தொலைபேசியில் அழைப்பு வரும். அவர் கோபித்துக்கொள்வதைக் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.