உண்ணி வந்த வழி

மாசி மாதத்து வெயிலில் தேயிலைக் காட்டோரம் விறகு பொறுக்கிவிட்டு வந்த அன்று, குளிக்கும்போது இடது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ நெருடியது. மரு என்று விட்டுவிட்டேன். மறுநாள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மருவுக்கு எட்டுக் கால்.

பக்கத்து லயத்து ஆயா எட்டிப் பார்த்தார். "பீடியப் பத்தவச்சுக் காட்டு தம்பி, தானா விழுந்துரும்." கண்டித் தோட்டத்திலிருந்து அவர் கூடவே கொண்டுவந்த வைத்தியம். சூடு பட்டால் உண்ணி வயிற்றிலுள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம் என்று எங்கோ படித்திருந்தேன். மண்ணெண்ணெயும் அப்படித்தான். மகளின் புருவம் திருத்தும் சின்ன இடுக்கியை வாங்கி, தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்தேன். வந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"எங்கேருந்து ஆயா வந்துச்சு இது?"

"குரங்குதான். வேற யாரு?"

எனக்கும் அதே எண்ணம்தான். 2012 கடைசியில் பந்திப்பூரில் குரங்குகள் செத்து விழுந்தன. அவற்றை அப்புறப்படுத்தி எரித்த வேலையாட்களுக்கு, உண்ணி பரப்பும் வைரஸ் காய்ச்சல் கண்டது. பந்திப்பூரை ஒட்டி முதுமலை, முதுமலையை ஒட்டி எங்கள் கூடலூர். நீலகிரிப் பக்கம் செத்த குரங்கிலும் அதே வைரஸ் இருந்தது. 2015இல் பக்கத்து வயநாட்டில் அந்தக் காய்ச்சலில் பலர் இறந்தார்கள். அன்றிலிருந்து கூரையில் குரங்கு குதித்தாலே எங்களுக்குக் கல்லெடுக்கத்தான் கை போகும்.

அந்தக் காய்ச்சல் பிறந்த ஊரைத் தேடினால் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காடு. 1957இல் அங்கே மனிதரும் குரங்கும் ஒன்றாகச் சாகவே, மஞ்சள் காய்ச்சல்தான் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று பயந்தார்கள். பூனாவின் வைரஸ் ஆய்வு மையத்தார் வந்து பார்த்தபோது, அது ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவு என்று தெரிந்தது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'மங்கன காயிலெ', குரங்கு நோய். பழி பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. குரங்கும் நம்மைப் போலக் கடிபட்டுச் சாகிற பிராணிதான். செத்ததும் உடல் குளிர, அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் சிதறும் என்பது மட்டும் உண்மை.

அப்படியானால் உண்ணிக்குச் சோறு போடுவது யார்? பொரித்த குஞ்சுக்கு ஆறே கால். எலி, பறவை என்று சின்ன உயிர்களிடம் குடிக்கும். அடுத்த பருவம் எட்டுக்கால் இளசு, கார்த்திகை தொடங்கிக் கோடை வரை திரியும். மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் இதுதான். வளர்ந்த உண்ணிக்குப் பெரிய உடம்பு வேண்டும். 1960களில் கியாசனூரில் ஆராய்ந்த ஹோர்ஹே போஷெல் கையைக் காட்டியது மாட்டின் பக்கம். காட்டை வெட்டி வயலாக்கி, விளிம்பில் மாடு மேய்த்ததால் உண்ணி பெருகியது என்றார். மாட்டுக்குக் காய்ச்சல் வருவதில்லை. அது வைரஸை வளர்ப்பதில்லை, உண்ணியை வளர்க்கிறது.

படித்ததும் கொஞ்சம் உறுத்தியது. எங்கள் வீட்டில் பசு உண்டு.

பழைய வெள்ளை வேட்டியை ஒரு கம்பில் கட்டித் தரையோடு இழுத்துப் பார்த்தேன். உண்ணி பிடிக்க ஆய்வாளர்கள் செய்வதும் இதுதான். கவாத்து வெட்டிய தேயிலைக்குள், நல்ல வெயிலில்: ஒன்றுமில்லை. பசு போய்வரும் தடத்தில், உண்ணிச்செடிப் புதரடியில் சருகு மக்கிய இடத்தில் இருபதடி: வேட்டியில் ஏழு புள்ளி, ஏழும் நடந்தன. உண்ணிச்செடி என்ற பெயர் ஏன் வந்தது என்று அப்போதுதான் அதன் கறுத்த பழத்தை உற்றுப் பார்த்தேன். ரத்தம் குடித்து உப்பிய உண்ணியேதான். அமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்கென்று துரைமார் கொண்டுவந்த செடி.

மழைக்கால அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் தயாராக வைத்திருக்கும் நாங்கள், அட்டை போன பிறகு வருகிற உண்ணிக்கு ஒன்றுமே செய்ததில்லை. இப்போது வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டி, சருகு கூட்டி எரிக்கிறோம். கொட்டகையை லயத்திலிருந்து தள்ளிக் கட்டியாயிற்று. கால்நடை டாக்டர் தந்த மருந்தைப் பசுவுக்கும் நாய்க்கும் தடவுகிறோம். நாயுண்ணி வேறு சாதி, அது சுவர் வெடிப்பிலேயே குடித்தனம் நடத்தும். விறகுக்குப் போனால் முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட். திரும்பியதும் துணி வெந்நீருக்கு. காது மடல், அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பார்த்த பிறகுதான் காப்பி. ஆயா சிரிக்கிறார். ஆனால் பேரனின் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கிறார்.

இந்தக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து கிடையாது. கர்நாடகத்தில் பல ஆண்டு போட்ட தடுப்பூசியையும், பலன் குறைந்ததால் 2022இல் நிறுத்திவிட்டார்கள். நூறு பேருக்கு வந்தால் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். அதனால் செத்த குரங்கைப் பார்த்தால் தொடாதீர்கள், கம்பால் தள்ளவும் வேண்டாம். வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். காட்டுப்பக்கம் போய்வந்து பத்து நாளுக்குள் திடீரென்று காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் கண்டால், டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் உண்ணி கடித்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.